கணக்குப் பீரியடும் புவியியல் பீரியடும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கடலூரில் ஒரு பள்ளியில் ஆறு முதல் பத்து வரை சமூக அறிவியல் எடுக்கிறேன். சில ஆண்டுகளாக எங்கள் கணக்கு டீச்சரும் நானும் சில பாடங்களைக் கலந்து பேசி நடத்துகிறோம். குறுவள மைய (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் மையம்) கூட்டங்களில் பக்கத்து நாற்காலிக்காரர்களும், புதுச்சேரி நண்பர்கள் போனிலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்கில் படித்ததைப் பிள்ளைகள் தானாகவே புவியியலுக்கு எடுத்து வர மாட்டார்களா?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் இரண்டாவது பீரியடு கணக்கு. சிமெண்டும் மணலும் 1:4 என்றால் ஆறு சட்டி சிமெண்டுக்கு எத்தனை சட்டி மணல் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். வகுப்பே பதில் சொல்லியிருக்கிறது. நான்காவது பீரியடில் நான் போய், 1:50,000 அளவையுள்ள வரைபடத்தில் 4 செ.மீ. இடைவெளி இருந்தால் நிலத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நான்கைந்து பேர்தான் சரியாக எழுதினார்கள். ஒருவன் 2,00,000 கி.மீ. என்று எழுதினான். உலகத்தை ஐந்து சுற்றுச் சுற்றும் தூரம் அது.

அவனுக்கு விகிதம் தெரியாமல் இல்லை. அது கணக்கு நோட்டுக்குள் இருக்கும் சாமான், இங்கே எடுக்கலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் டீச்சரிடம் போய், "டீச்சர், நீங்கள் விகிதத்துக்கு என்ன வார்த்தை சொல்கிறீர்கள், எப்படி எழுதச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். வேலை அங்கேதான் தொடங்கியது. கணக்கே தெரியாததை விட, ஒரே பொருளுக்கு நாங்கள் இருவரும் இரண்டு பெயர் வைத்திருந்ததுதான் பிள்ளைகளைக் குழப்பியிருக்கிறது.

அப்படி என்ன வார்த்தைக் குழப்பம்?

முதல் குற்றவாளி "வரைபடம்". கணக்குப் புத்தகத்தில் அது கிராஃப். என் பாடத்தில் அது மேப். "வரைபடம் வரைக" என்று கேள்வி வந்தால், அது எந்த வகுப்பின் தேர்வு என்று பார்த்துத்தான் பிள்ளை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: மேப் என்றால் எப்போதும் "நிலவரைபடம்", அவர் பக்கம் "வரைபடத்தாள்", "கோட்டு வரைபடம்" என்று முழுப் பெயர். (வாய்ப்பேச்சில் இருவரும் மேப், கிராஃப் என்றுதான் சொல்கிறோம். அதில் குழப்பமே இல்லை. எழுதும்போதுதான் தமிழ் நம்மைச் சோதிக்கிறது.)

அடுத்தது "அளவுகோல்". ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலும் அதுதான், மேப்பின் அடியில் இருக்கும் ஸ்கேலும் அதுதான். மேப்புக்கு "அளவை" என்று வைத்துக்கொண்டோம். அவர் "சாய்வு" என்பார், நான் "சரிவு" என்பேன். இரண்டும் ஒன்றே என்று யாராவது ஒருமுறை உரக்கச் சொன்னால் போதும். "அச்சு" அவருக்குத் தாளில் ஓடும் இரண்டு கோடுகள், எனக்குப் பூமியைக் குத்தி நிற்கும் கற்பனைக் கம்பி. அவர் "வீச்சு" என்பதை நான் பழக்கத்தில் "வெப்ப வியாப்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழிப்பது, வேறொன்றுமில்லை. இப்போது நானும் வீச்சு என்றே சொல்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளில் இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு சொற்களை எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். நாங்கள் செய்ததிலேயே செலவு குறைந்த, பலன் அதிகமான காரியம் இதுதான்.

அளவையை எப்படிச் சொல்லித்தருவது? பெரிய அளவை, சிறிய அளவை என்றால் என் மாணவர்கள் தலைகீழாகவே சொல்கிறார்கள்.

எல்லோர் மாணவர்களும் அப்படித்தான். உலக மேப் பெரிய இடத்தைக் காட்டுகிறது, அதனால் பெரிய அளவை என்று நினைக்கிறார்கள். இதை வாயால் விளக்காதீர்கள். பின்னமாக எழுதச் சொல்லுங்கள். 50,000இல் ஒரு பங்கு பெரிதா, 10,00,000இல் ஒரு பங்கு பெரிதா? ஒரு பலாப்பழத்தை ஐம்பது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு, ஆயிரம் பேருக்குப் போட்டால் எவ்வளவு என்று பண்ருட்டிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பகுதி பெரிதானால் பின்னம் சிறிது. கணக்கில் ஆறாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆகவே 1:50,000தான் பெரிய அளவை, அதில்தான் வாய்க்காலும் ஏரிக்கரையும் தெரியும்.

அப்புறம் அலகு மாற்றம். ஒரு கி.மீ. என்றால் ஒரு லட்சம் செ.மீ. இதை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். 50,000 செ.மீ. அரை கி.மீ., ஆகவே 2 செ.மீ. ஒரு கி.மீ. ஸ்கேலை வைத்தால் கணக்கு முடிந்தது.

பரப்பளவு வரும்போதுதான் நன்றாகப் படித்த பிள்ளைகளும் விழுகிறார்கள். மேப்பில் 1 செ.மீ. அரை கி.மீ. என்றால் 1 சதுர செ.மீ. எவ்வளவு? "அரை சதுர கி.மீ." என்று பாதி வகுப்பு சொல்லும். கால்தான். வரைபடத்தாளில் ஒரு கட்டம் போட்டு, நான்கு சேர்ந்தால்தான் ஒரு சதுர கி.மீ. என்று கையால் எண்ணச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டாப்போ ஷீட்டை (நில அளவைத் துறை வெளியிடும் விரிவான மேப்) ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வகுப்புக்குக் கொண்டு போனால் 1:50,000 என்ற எழுத்து பொய்யாகிவிடும். கீழே வரைந்திருக்கும் கோட்டளவை மட்டும் படத்தோடு சேர்ந்து நீளும், அது பொய் சொல்லாது. ஒரு வருடம் இதைக் கவனிக்காமல் ஒரு வகுப்பு முழுவதற்கும் தப்பான விடைக்கு மதிப்பெண் போட்டேன். இப்போது அந்தத் தவறையே பாடமாக நடத்துகிறேன்.

அட்சம், தீர்க்கம் என்பது எக்ஸ், ஒய் மாதிரிதானே? அப்படியே சொல்லிக் கொடுக்கலாமா?

சொல்லலாம். ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணக்கில் முதலில் படுக்கைத் திசை, பிறகு செங்குத்து. நாம் இடம் சொல்லும்போது அட்சத்தை முதலில் சொல்கிறோம், அது வடக்கு தெற்கு, அதாவது செங்குத்து. கடலூர் 11°45' வடக்கு, 79°45' கிழக்கு. ஆக இது ஒய், எக்ஸ் வரிசை. இதில் வேடிக்கை, டாப்போ ஷீட்டின் கட்டங்களைப் படிக்கும்போது கிழக்கு எண்ணை முதலில் சொல்கிறோம், அது கணக்கு வரிசையோடு ஒத்துப்போகிறது. ஒரே பாடத்துக்குள் இரண்டு வழக்கம். இதற்குக் காரணம் தேடிப் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாம். "இது வழக்கம், இப்படித்தான்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கோணத்திலும் இதே கதை. கணக்கில் கோணம் எக்ஸ் அச்சிலிருந்து தொடங்கி இடஞ்சுழியாகப் போகும். திசைகாட்டியில் வடக்கிலிருந்து தொடங்கி வலஞ்சுழியாக. கிழக்கு அவர்களுக்கு 0°, நமக்கு 90°.

மூன்றாவதுதான் மோசமானது: அறுபதும் நூறும். போனில் மேப்பைத் திறந்தால் 11.75 என்று காட்டும். பிள்ளை நோட்டில் 11°75' என்று எழுதும். ஒரு பாகைக்கு அறுபது கலைதான், 75 கலை என்று ஒன்று கிடையாது. 0.75ஐ அறுபதால் பெருக்கினால் 45. இதைச் சொல்ல நான் முக்கால் மணி நேரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வேன். "முக்கால் மணி என்றால் 75 நிமிடமா?" என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். சிரித்துவிட்டால் ஞாபகம் இருக்கும்.

இந்தப் பாடத்தில் எனக்கே வாத்தியாராக வந்தவன் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன். அவன் அப்பா ஃபைபர் படகு வைத்திருக்கிறார். படகு ஜிபிஎஸ்ஸில் பாகை முழு எண்ணாகவும், கலை தசமத்திலும் வரும். "சார், 45.6ன்னா நாற்பத்தஞ்சே முக்கால் கிட்ட இல்ல, நாற்பத்தஞ்சரைக்குக் கொஞ்சம் மேல" என்று அவன்தான் மற்றவர்களுக்கு விளக்கினான். அட்சத்தில் ஒரு கலை ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. என்பதும் அவன் வீட்டுக்கு நடைமுறை அறிவு. கணக்கில் அவன் பின்வரிசைதான்.

இந்த எண்களை வைத்து வகுப்பில் உருப்படியாக என்ன செய்யலாம்?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேர்க்கோட்டுத் தூரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். புதுச்சேரி 11°56' வடக்கு, 79°50' கிழக்கு. அட்ச வித்தியாசம் 11 கலை, சுமார் 20 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 5 கலை, நம் ஊர்ப் பக்கம் சுமார் 9 கி.மீ. இனிப் பிதாகரஸ். 400உம் 81உம் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 22 கி.மீ. பஸ் ஓடும் தூரம் இதைவிடக் கூடும், சாலை வளைந்து போகிறதே.

பத்தாம் வகுப்பென்றால் கூடவே ஒன்று கேட்கலாம்: தீர்க்கக் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒன்றா? நிலநடுக்கோட்டில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ. நம்மிடம் அதைக் கோசைன் 11.75°ஆல் பெருக்க வேண்டும், 109 வரும். காஷ்மீர்ப் பக்கம் 35°இல் 91தான். கோசைன் எதற்கென்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நேர மண்டலக் கணக்கைப் பிள்ளைகள் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

வெயிலில் நிற்க வையுங்கள்.

பூமி ஒரு மணிக்கு 15° சுழல்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் கடிகாரம் 82°30' கிழக்குத் தீர்க்கத்தின் நேரத்தைக் காட்டுகிறது. கடலூர் அதற்கு 2°45' மேற்கே இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 11 நிமிடம். அப்படியானால் இங்கே உண்மையான உச்சி வேளை 12 மணிக்கு வராது, சராசரியாக 12.11க்கு வரும். மைதானத்தில் ஒரு மீட்டர்க் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நட்டு, 11.45இலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைக்கட்டும். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உச்சி.

சராசரியாக என்று சொன்னேன். நவம்பர் தொடக்கத்தில் செய்தால் 11.55 வாக்கிலேயே உச்சி வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.25 ஆகும். பூமி சூரியனை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் இந்த ஏற்ற இறக்கம். முதல் முறை நவம்பரில் செய்துவிட்டு, கணக்கு தப்பாகிவிட்டதே என்று நானும் டீச்சரும் ஒரு வாரம் குழம்பினோம்.

இதே குச்சியை ஆண்டு முழுவதும் வைத்திருங்கள். நம் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. கடகரேகை ஏறக்குறைய 23°30'. அதில் சரிபாதி 11°45', அதாவது கடலூரின் அட்சம். மார்ச் 21இல் உச்சி நிழல் வடக்கே விழும், ஒரு மீட்டர்க் குச்சிக்குச் சுமார் 21 செ.மீ. ஜூன் 21இலும் கிட்டத்தட்ட அதே 21 செ.மீ., ஆனால் தெற்கே! டிசம்பர் 22இல் வடக்கே 70 செ.மீ. நடுவில் ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் உச்சியில் நிழலே விழாது. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கே நிற்கும், ஆகஸ்டு வகுப்புக்கு வசதி, மேகம் ஒத்துழைத்தால். இந்த எண்களை எல்லாம் டேன் அட்டவணையில் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு அளந்தால், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடலூர் தட்டையான ஊர். சம உயரக் கோடுகளை இங்கே எதைக் காட்டி நடத்துவது?

ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையில் ஒரு பெரிய கல்லை வைத்து, இரண்டு செ.மீ. தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீர் தொடும் விளிம்பில் கோடு போடுங்கள், மறுபடி இரண்டு செ.மீ. மேலிருந்து பார்த்து வரைந்தால் சம உயரக் கோடு. கேப்பர் மலைச் செம்மண் மேட்டுக்கு ஒருநாள் நடந்து போய்வந்தால் இன்னும் நல்லது.

சரிவைக் கணக்கிடும்போது உயரத்தை மீட்டரிலும் தூரத்தை கி.மீ.யிலும் வைத்து வகுத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் புதிதாக எதுவுமில்லை, டீச்சர் சொல்லும் அதே சாய்வுதான். குறுக்குவெட்டு வரையும்போது மட்டும் ஒரு பேச்சு வேண்டும்: நிற்கும் அச்சிலும் படுக்கை அச்சிலும் ஒரே அளவை வைத்தால் நம் மாவட்டம் ஒரு கோடாகத்தான் தெரியும், அதனால் உயரத்தை வேண்டுமென்றே பெரிதாக்கி வரைகிறோம். பெரிதாக்கியதை ஓரத்தில் எழுதாவிட்டால் கெடிலத்தங்கரை இமயமலை ஆகிவிடும்.

மழை அளவை மி.மீ.யில் சொல்வது பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. தண்ணீரை லிட்டரில்தானே அளப்போம்?

நல்ல கேள்வி, இதற்கு நான் இரண்டு பீரியடு ஒதுக்குவேன்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு மி.மீ. உயரம் தண்ணீர் நின்றால் அதன் கனஅளவு சரியாக ஒரு லிட்டர். இதை அவர்களே பெருக்கிக் கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லிவிடக் கூடாது. பிறகு 2024 நவம்பர் 30இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்கு வாருங்கள். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் பெய்தது. 460 மி.மீ., அப்படியானால் சதுர மீட்டருக்கு 460 லிட்டர். இருபதுக்கு முப்பது அடி மொட்டைமாடி சுமார் 56 சதுர மீட்டர். அந்த ஒரு மாடியில் மட்டும் 25,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டை ஒரு வீட்டு மாடியில் கவிழ்த்தது போல. "எங்க வீட்டுக்குள்ள ஏன் தண்ணி வந்துச்சுன்னு இப்ப தெரியுது சார்" என்று ஒரு பெண் சொன்னாள்.

அடுத்த படி பெரிய எண்கள். புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 294 சதுர கி.மீ. எல்லா இடத்திலும் அதே 46 செ.மீ. பெய்திருந்தால் சுமார் 13.5 கோடி கன மீட்டர், டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்கில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. வீராணம் ஏரியின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றரை டி.எம்.சி.தான். இங்கே நிறுத்தி, "எல்லா இடத்திலும் பெய்திருந்தால் என்று சொன்னேனே, அது சரியா?" என்று கேளுங்கள். ஒரு மழைமானி காட்டிய எண்ணை ஒரு பிரதேசம் முழுவதற்கும் போடலாமா? பக்கத்து நிலையங்களின் அளவையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா, அதில் எந்த நிலையத்துக்கு எவ்வளவு எடை? அந்த விவாதம்தான் பாடம். விடை எவ்வளவு என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

சராசரி எடுப்பதில் என்ன கஷ்டம்? கூட்டி வகுத்தால் வந்துவிடுகிறதே?

அதுதான் கஷ்டமே. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்ட மக்கள்தொகை 9,50,289, காரைக்கால் 2,00,222. பரப்பு முறையே சுமார் 294, 157 சதுர கி.மீ. அடர்த்தி கண்டால் 3,232உம் 1,275உம் வரும். இரண்டும் சேர்ந்த அடர்த்தி என்ன? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 2,250 சொச்சம் என்பார்கள். மக்களை மக்களோடும் பரப்பைப் பரப்போடும் கூட்டி வகுத்தால் 2,550 வருகிறது. முந்நூறு பேர் எங்கே போனார்கள்? சராசரிகளுக்குச் சராசரி எடுக்கக் கூடாது, எடுத்தால் பரப்பின் எடையோடு எடுக்க வேண்டும். இதே பிழை பெரியவர்களின் அறிக்கைகளிலும் தாராளமாக வருகிறது.

தட்பவெப்பப் படத்தில் மழைக்குப் பட்டை, வெப்பத்துக்குக் கோடு. ஏன்?

மழை ஒரு மாதத்தில் விழுந்து சேர்ந்த மொத்தம், வெப்பம் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருப்பது. அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பட்டைகள் எகிறி நிற்பதையும், ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் இருப்பதையும் சதவீதமாகக் கணக்கிடச் சொல்லுங்கள்.

குழி, காணி, ஏர் என்றெல்லாம் வீட்டில் பேசுகிறார்கள். இதையும் சேர்க்கலாமா?

கட்டாயம். அலகு மாற்றத்துக்கு இதைவிட உயிருள்ள பாடம் இல்லை. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி என்று கொண்டால் 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, ஒரு ஏக்கர் 32 சென்ட். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. பக்கம் பாதியானால் பரப்பு கால் என்று முன்னே மேப்பில் பார்த்த அதே விஷயம் இங்கே திரும்பி வருகிறது. புதுச்சேரிப் பத்திரங்களில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஹெக்டேர், ஏர், சென்டியார். ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். பாகூரில் நிலமும் கடலூரில் வீடும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நாளைக்கே தேவைப்படலாம். பத்திரத்தையே கொண்டு வரச் சொல்லிவிடாதீர்கள், பெற்றோர் பயந்துபோய்ப் பள்ளிக்கு வந்து நிற்பார்கள். அனுபவம்.

சுனாமியைக் கணக்காக நடத்துவது சரியா?

எனக்கும் தயக்கம் இருந்தது. இன்று வகுப்பில் இருப்பவர்கள் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் சிங்காரத்தோப்பிலும் தாழங்குடாவிலும் அந்த நாளைச் சுமக்காத வீடு குறைவு. இறந்தவர் எண்ணிக்கையை வைத்து நான் கணக்குப் போடுவதில்லை. சதவீதம், விகிதம் எதுவும் வேண்டாம்.

அலையின் வேகத்தை மட்டும் எடுக்கிறேன். மீட்டரில் ஆழத்தை 9.8ஆல் (புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 4,000 மீட்டர் ஆழத்தில் 198, அதாவது மணிக்கு 700 கி.மீ.க்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்குப் பத்து மீட்டர் கூட இல்லை, மணிக்கு 36 கி.மீ.க்குக் கிட்டத்தில். வேகம் குறையக் குறைய அலை உயர்கிறது. சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. தூரம் சுமார் 2,000 கி.மீ. வகுத்துப் பார்த்தால் ஒன்பதே கால் தாண்டி வந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்பதை ஒட்டியே வந்துவிட்டது. ஏன்? பிளவு ஒரு புள்ளியில் நிற்கவில்லை, நிக்கோபார், அந்தமான் பக்கமாக ஆயிரம் கி.மீ.க்கு மேல் வடக்கே ஓடியது. நமக்கு அருகிலேயே அலை பிறந்துவிட்டது. எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை நான் பேசிக் கெடுப்பதில்லை.

சிலபஸ் வரிசை ஒத்துவருவதில்லையே?

வராது. அட்சம், தீர்க்கம் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடும், ஆயத்தொலை வடிவியல் ஒன்பதில்தான். முக்கோணவியல் அதற்கும் பின்னால். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு அவர்கள் வரிசை வேறு, நம் வரிசை வேறு. பாடத்தை நகர்த்த முயலாதீர்கள். ஜூன் மாதம் இருவரும் டீயோடு உட்கார்ந்து இரண்டு புத்தகத்தையும் புரட்டி, எது எந்த மாதம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என்னுடையது முதலில் வந்தால் நான் படம் வரைந்து, குச்சி நட்டுத் தொடங்கி வைப்பேன், சூத்திரம் சொல்ல மாட்டேன். பிறகு அவர் பாடம் வரும்போது "சார் வகுப்பில் நட்ட குச்சி ஞாபகம் இருக்கா?" என்று தொடர்வார்.

எனக்கே கணக்கு வராது. நான் எப்படி?

நிறையப் பேர் இதைக் காதோரமாகத்தான் கேட்கிறார்கள். கணக்குக்குப் பயந்து வரலாற்றுக்கும் புவியியலுக்கும் வந்தவர்கள் நாம். கோசைனை நான் கற்றுக்கொண்டது வேலைக்கு வந்து பல வருடம் கழித்து, எங்கள் டீச்சரிடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில். அதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். "சார் கூட டீச்சர்கிட்ட டியூஷன் போறாராம்" என்று கொஞ்ச நாள் பேச்சு. பரவாயில்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மேப் படிக்கத் தெரியாத கணக்கு ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்குப் பரங்கிமலைக் கதையைச் சொல்லுங்கள்: 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அங்கே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதன்பின் பெரும்பாலும் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியா நெடுக நகர்ந்தது அந்த அளவைப் பணி. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைத் தரும் சைன் விதி தெரிந்த கணக்கு ஆசிரியருக்கு அதற்கு மேல் அழைப்பு தேவைப்படாது.

இதையெல்லாம் எந்த நோட்டில் எழுதச் சொல்வது?

சிரிக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். முதல் ஆண்டு தனியாக ஒரு நோட்டுப் போடச் சொன்னோம். பாதிப் பேர் வாங்கவில்லை, வாங்கியவர்கள் தொலைத்தார்கள், திருத்துவது யார் என்று எங்களுக்குள்ளும் சின்ன மனத்தாங்கல். இப்போது எந்தப் பீரியடோ அந்த நோட்டு. புவியியல் நோட்டில் கணக்கு வந்தால் ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு சின்ன முக்கோணம், கணக்கு நோட்டில் மேப் வந்தால் ஒரு சின்ன வட்டம். முக்கோணம் போட்ட பக்கத்தை டீச்சர் ஒரு பார்வை பார்ப்பார், வட்டத்தை நான் பார்ப்பேன். போன பருவத்தில் ஒருத்தி தமிழ் நோட்டில் முக்கோணம் போட்டு வைத்திருந்தாள். வெண்பாவில் சீர்களை எண்ணிய பக்கமாம். தமிழய்யா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் தேடி வந்தார்.